கடைசிப் பக்கத்தில் நாய் இல்லை

பிப்ரவரி 3

அலுவலகத்துக்குள் இன்னும் காலைக்கூட வைக்கவில்லை, ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் பதிப்பகம் போட்ட அவருடைய படப் புத்தகம் வெளிவந்து மூன்று வாரம் ஆகிறதாம், எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லையாம். நேர்மையான காகத்தின் கதை. காகம் ஒரு தங்க மோதிரத்தைக் கண்டெடுக்கிறது. நேராகக் காவல் நிலையம் போய் ஒப்படைக்கிறது. ரசீது வாங்கிக்கொண்டு பறக்கிறது. ரசீது! மூன்று வயதுக் குழந்தைக்கு, ரசீதுக்கென்று ஒரு முழுப் பக்கப் படம்.

"உங்க பேரப் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டினீங்களா சார்?" என்று கேட்டேன்.

"அதுங்களுக்கு இதெல்லாம் எங்கம்மா புரியுது? ரெண்டாவது பக்கத்துலயே ஓடிப் போயிடுதுங்க."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவருக்குக் காகமே பொன். "அடுத்த வாரம் வந்துடும் சார்" என்று வாய் இனிக்கச் சொல்லி அனுப்பினேன். சொன்னால் வந்துவிடும். அதுதான் என் வேலை. கதவில் 'நூல் அறிமுகப் பிரிவு' என்று பலகை இருக்கிறது. பிரிவில் நான் ஒருத்திதான்.

விமர்சகர்களுக்குப் போகும் ஒவ்வொரு பிரதியோடும் நான் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு போகும். கதை என்ன, படங்கள் எப்படி, குழந்தை என்ன கற்றுக்கொள்ளும் என்று எல்லாம் அதிலேயே இருக்கும். அவர்கள் மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி சேர்த்து, தங்கள் பெயரைப் போட்டு விமர்சனம் என்று அச்சடிப்பார்கள். ஈயடிச்சான் காப்பி என்று சொல்லக்கூட மனம் வரவில்லை. அவனாவது ஈயைப் பார்த்து அடித்தான்.

பிப்ரவரி 8

காகத்தின் விமர்சனம் வந்துவிட்டது. ஞாயிறு இணைப்பில் எழுதும் பெரியவர் என் குறிப்பை அடிவரை அப்படியே போட்டிருக்கிறார், 'கூடுதல் பிரதிகளுக்கு எங்களைத் தொடர்புகொள்ளவும்' என்ற வரி உட்பட.

பிப்ரவரி 12

தம்பியின் புத்தகம் அச்சுக்குப் போகிறது. 'கதவைச் சாத்தாதே.' முப்பத்தெட்டு வயதில் முப்பத்திரண்டு பக்கம். அதற்கு இரண்டு வருடம். மொத்தப் புத்தகத்திலும் எண்ணினால் நூறு வார்த்தை தேறாது. கேட்டால், "வார்த்தை நிறைய இருந்தா யாரும் படத்தைப் பார்க்க மாட்டாங்க அக்கா" என்பான். பெரிய தத்துவம்!

அவன் மனைவி விட்டுப் போனதிலிருந்து என்னோடுதான் இருக்கிறான். பின்னறையில் மேசை, வண்ணக் குப்பிகள், உலராத தாள்கள். துடைக்கிற துணி எது, சட்டை எது என்று சலவைக்குப் போடும்போது எனக்கே குழப்பம் வரும். முதலாளியிடம் இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனவள் நான். வெட்கத்தை விட்டுக் கெஞ்சியவளும் நான். இது ஓடவில்லை என்றால் அடுத்தது கிடையாது என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவனிடம் அதை நான் சொல்லவில்லை. சொன்னால் படுத்துவிடுவான். ஒருமுறை படுத்து எழுந்திருக்கவே ஒரு வருடம் ஆனது.

குறிப்பு எழுதி முடித்துவிட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவன் முதலில் செய்து காட்டிய மாதிரிப் புத்தகம் எனக்கு மனப்பாடம். பட்டன் என்ற நாய் காணாமல் போகிறது. குட்டிப் பெண் தினமும் மாலையில் கதவைத் திறந்து வைத்துப் படியில் காத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் பட்டன் திரும்பி வருகிறது. 'கதவிடுக்கில் பட்டனின் ஈரமான மூக்கு எட்டிப் பார்க்கும்போது நம் கண்களும் ஈரமாகின்றன' என்று முடித்திருக்கிறேன். எனக்கே கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஜனங்களுக்கு இதுதான் இறங்கும்.

மார்ச் 2

இறங்கிவிட்டது! இதுவரை பன்னிரண்டு விமர்சனம். பன்னிரண்டிலும் ஈரமான மூக்கு. அவர்களில் ஒரு பேராசிரியர் மட்டும் 'ஈரமூக்கு என்னும் மீட்புக் குறியீடு' என்று மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறார். அந்த மனிதர் கரடி தேன் குடித்தாலும் சுரண்டல் என்பார்.

வெட்டி எடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எல்லாரும் மூக்கைப் பத்தியே எழுதியிருக்காங்க" என்றான்.

"ஆமா. நான் எழுதினது."

"ம்."

அவ்வளவுதான். நன்றி என்று ஒரு வார்த்தை? கிடையாது. கலைஞர் அல்லவா.

மார்ச் 9

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

காணொளியில் புத்தகம் அறிமுகம் செய்கிற ஒருத்தி இருக்கிறாள். கொஞ்சல் அம்மா என்று நான் வைத்த பெயர். "ஹாய் செல்லக்குட்டீஸ்!" என்று ஆரம்பித்துப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டுவாள். பார்த்து முடித்தவர்களுக்குப் புத்தகம் வாங்க வேண்டிய அவசியமே இருக்காது. இன்று தம்பியின் புத்தகம். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும், "பாருங்க, பட்டன் வந்துட்டான்! எவ்ளோ ஈரமான மூக்கு! செம்ம க்யூட்!" என்று கேமராவுக்கு நேராகப் பிடித்தாள்.

நாய் இல்லை.

விரல் மறைக்கிறதோ என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விரல் ஓரத்தில் இருக்கிறது. நடுவில் திறந்த கதவு, சாயங்கால வெயில், கூடத்துத் தரை. கீழே 'கதவு திறந்தே இருந்தது' என்று ஒரு வரி. இல்லாத நாயின் மூக்கைக் கொஞ்சுகிறாள் இவள்! பார்த்தவர்கள் அறுநூறு பேர் இதயப் படம் போட்டிருக்கிறார்கள். அந்த அறுநூறு ஜென்மங்களில் ஒன்றுக்காவது கண் வேண்டாமா?

என் நாற்காலிக்குப் பின்னால் அலமாரியில் அந்தப் புத்தகம் நாற்பது பிரதி அடுக்கியிருக்கிறது. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். இப்போதுதான் முதல்முறையாகப் பிரிக்கிறேன் என்று அது கரகரவென்று விரிந்த சத்தத்திலேயே தெரிந்தது. நாய் இல்லை. நிஜமாகவே இல்லை.

மார்ச் 10

"எப்போடா மாத்தின?"

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடிதான். ப்ரூஃபை உன் மேசைல வச்சேனே. ஒரு வாரம் அதுமேல டீ கப்பை வச்சிருந்த."

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"விமர்சனம் எல்லாம் காட்டினப்போ சொல்ல வாயெடுத்தேன். நீ அவ்ளோ சந்தோஷமா இருந்த."

"அந்த நாய் வந்தா உனக்கு என்னடா கொறஞ்சு போகுது? ஒரு நாய்! ஒரு பக்கம்!"

பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே இருந்தான். "வரைஞ்சு பார்த்தேன் அக்கா. வரல. அதான் வரையல."

அடித்தால் தேவலை என்று இருந்தது. அவன் மேல் கோபமா, என் மேல் கோபமா? டீ கப் விஷயம் உண்மைதான். அந்த வட்டக் கறை இன்னும் என் மேசையில் கிடக்கும் தாளில் இருக்கிறது. இத்தனை வருடம் யாரைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்?

மார்ச் 16

தொலைபேசி ஓயவில்லை. கடைசிப் பக்கம் விட்டுப் போச்சு, வேற பிரதி அனுப்புங்க. கடைசிப் பக்கம் கிழிஞ்சு வந்திருக்கு. ஒரு தகப்பன், "பேப்பர்ல நாய் வந்துடுச்சுன்னு போட்டிருக்கு, என் பொண்ணு நாய் எங்கன்னு அழுறா, உங்க அச்சகத்துல குடிச்சுட்டு வேலை பார்க்கிறாங்களா?" என்று கத்தினார். நான் அச்சகத்தைக் காப்பாற்றவில்லை. "விசாரிக்கிறோம் சார்" என்றேன்.

கடைகளிலிருந்து கட்டுக் கட்டாகத் திரும்பி வருகிறது.

மார்ச் 18

முதலாளி கூப்பிட்டார். வேலை போய்விடும் என்று தயாராகத்தான் போனேன். மனிதர் பன்னிரண்டு விமர்சனங்களையும் மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்திருந்தார்.

"பன்னெண்டு பேர் எழுதியிருக்காங்க. எல்லாம் படிச்ச மனுஷங்க. பன்னெண்டு பேரும் தப்பு, உன் தம்பி ஒருத்தன்தான் சரியா?"

"தப்பு என் குறிப்புல சார். நான்தான்..."

"அட, குறிப்பு நல்லாத்தாம்மா இருக்கு! புத்தகம்தான் குறிப்பு மாதிரி இல்ல. மறுபதிப்புல நாயைப் போட்டுடலாம். பத்திரிகைல வந்ததை மாத்த முடியுமா? புத்தகத்தை மாத்துறது ஈஸி."

இருபது வருடமாகப் புத்தகம் போடுகிற மனிதர் பேசுகிற பேச்சு இது. தலைக்குத் தகுந்தபடி குல்லா தைப்பார்கள்; இவர் குல்லாவுக்குத் தலையைச் செதுக்குகிறார்.

"தம்பிகிட்ட நீயே பக்குவமா பேசிடு. வரைய மாட்டேன்னா நம்ம கணினிக்காரர் பார்த்துப்பார்" என்றார். வெளியே வரும்போது, "உனக்குத்தான்மா கதை முடிக்கத் தெரியுது" என்று பாராட்டு வேறு. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மார்ச் 19

தம்பி மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

மார்ச் 22

கணினிக்காரர் கடைசிப் பக்கத்தைச் செய்து காட்டினார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

"அஞ்சாம் பக்கத்து நாயை எடுத்துத் திருப்பிப் போட்டேன் மேடம். புதுசா வரையவே வேண்டாம் பாருங்க."

ஐந்தாம் பக்கத்தில் பட்டன் பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருக்கும். அதை அப்படியே கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார். நாலடி தள்ளி நின்று பார்த்தால், இத்தனை நாள் கழித்து வீடு திரும்பிய நாய் முதல் வேலையாகக் கதவின்மேல் காலைத் தூக்குகிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானால்கூடப் பரவாயில்லை.

"தரையில வேற அழுக்கு மாதிரி ஏதோ கறுப்பா இருந்துச்சு. ஸ்கேன் பண்றப்போ விழுந்திருக்கும். சுத்தமா தொடச்சு எடுத்துட்டேன்" என்றார்.

"ரொம்ப நன்றி" என்றேன். சொல்லாமல் எப்படி வருவது? தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 23

சாப்பாட்டு மேசையில் தாளை வைத்தேன். தம்பி பார்த்தான். நாயைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்—வாய்விட்டு, தோள் குலுங்கக் குலுங்க. அவன் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! நானும் சிரித்தேன். "காலைத் தூக்குறான் அக்கா!" என்றான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

பிறகு அவன் பார்வை கீழே போனது. சிரிப்பு நின்றுவிட்டது.

"தரையைத் தொடச்சுட்டாங்களா?"

"ஏதோ கறையாம். ஸ்கேன்ல விழுந்ததாம்."

தாளைக் கவிழ்த்து வைத்தான். "நாயை வேணும்னா வச்சுக்கட்டும். தரையைத் தொட்டாங்கன்னா என் பேரை எடுத்துடச் சொல்லு. இனிமே நான் வரையலை."

நாய்க்காகச் சண்டை போடுவான் என்று பார்த்தால், மொசைக் தரைக்காகப் போடுகிறான். இந்தப் படக்காரர்களுக்கே ஓர் ஆணி கழன்றுதான் இருக்கும்.

ஆனால் 'இனிமே வரையலை' என்று சொன்னபோது அவன் குரல் உயரவில்லை. மனைவி போன அன்றும் அவன் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. என் குறிப்பால் வந்த வினை. ஐயோ, ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கக் கூடாதா நான்?

மார்ச் 24

முதலாளியிடம் கெஞ்சினேன். "பன்னெண்டு பேரும்மா" என்கிறார்.

மார்ச் 27

சரி. பன்னிரண்டு பேரைத்தானே மாற்ற வேண்டும்?

வெட்கம் கெட்டவர்களைத் திருத்த முடியாது. ஆனால் அவர்கள் தப்பிக்க ஒரு சந்து காட்டினால் விழுந்தடித்து ஓடி வருவார்கள். இன்று உட்கார்ந்து இரண்டாவது குறிப்பு எழுதினேன். தலைப்பு 'ஒரு மறுவாசிப்பு'. 'முதல் வாசிப்பில் நாய் திரும்பிவிட்டதாகவே நமக்குத் தோன்றும். அப்படித் தோன்றச் செய்வதே இந்நூலின் மாயம். பக்கத்தை மீண்டும் திருப்புங்கள். நாய் இல்லை. சிறுமியும் இல்லை. யாருமில்லை. வெறும் வாசல். குழந்தை இலக்கியத்தில் இழப்பை இவ்வளவு துணிச்சலாக...' இப்படியே ஒரு பக்கம். எழுத எழுத எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

இந்த முறை புத்தகத்தைத் திறந்து, கடைசிப் பக்கத்தை எதிரில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். யாரும் குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் 19

ஹா! நினைத்ததைவிட மோசமானவர்கள்.

ஞாயிறு பெரியவர்: 'முந்தைய கட்டுரையில் நான் வேண்டுமென்றே நாயை வரவழைத்தேன். வாசகர்கள் எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று சோதிக்கவே அவ்வாறு செய்தேன்.' இவர் சோதித்தாராம்! நுணல்கூடத் தன் வாயால் கெடும். இவர் வாயால் வாழ்கிறார். பேராசிரியர் 'யாருமற்ற வாசல்: வெறுமையின் அழகியல்' என்று முக்கால் பக்கம். மீட்புக் குறியீடு எங்கே போனது என்று கேட்க ஒருவரும் இல்லை. கொஞ்சல் அம்மா கேமரா முன்னால் அழுதிருக்கிறாள். "யாருமே இல்ல செல்லக்குட்டீஸ், யாருமே இல்ல..." பின்னால் அவள் பெற்ற பிள்ளை, பசிக்கிறது என்று அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறது. அவள் குனியவில்லை.

எண்ணிவிட்டேன். 'துணிச்சல்' பதினொன்றில். 'யாருமில்லை' எல்லாவற்றிலும்.

முதலாளி அறைக்குக் கொண்டு போனேன். படித்தார். "நான் அப்பவே சொன்னேனே, அந்த நாயை ஒட்டாதீங்கன்னு" என்றார். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை! மறுபதிப்பு பழையபடியே போகிறது. தரையைத் தொட மாட்டார்கள். தம்பி பெயர் இருக்கும்.

வரும் வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன்.

ஏப்ரல் 20

எல்லாவற்றையும் தம்பி முன்னால் பரப்பினேன். "உன் தரை பத்திரமா இருக்கு, போ" என்றேன். படித்தான். என் குறிப்பையும் கேட்டு வாங்கிப் படித்தான்.

"நல்லா எழுதியிருக்க" என்றான். தாளைத் திருப்பிக் கொடுத்தபடி, "யாருமில்லைன்னு எழுதியிருக்க" என்றான்.

"வாசல்ல யாருடா இருக்கா? காத்துதான் இருக்கு."

"யாருமில்லையா அக்கா?"

போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தான். முதலிலிருந்து திருப்பினான். வார்த்தையை விரலால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் காட்டினான். படியில் உட்கார்ந்திருக்கும் குட்டிப் பெண், சாயங்கால வெயில், அவள் நிழல் கதவு வழியாகக் கூடத்துத் தரையில் விழுந்திருக்கிறது. அடுத்த மாலை. அதே நிழல். அடுத்தது. ஒவ்வொரு மாலையிலும் ஒரே ஒரு சின்ன நிழல். கடைசிப் பக்கத்தில் அவள் தெரியவில்லை. கதவின் ஓரம்வரைதான் வரைந்திருக்கிறான். தரையில் விரலை வைத்தான்.

இரண்டு நிழல். சின்னதை ஒட்டி, பெரியதாக ஒன்று.

கணினிக்காரர் அழுக்கென்று துடைத்தது இதைத்தான். புத்தகத்தை எதிரில் வைத்துக்கொண்டு நான் யாருமில்லை என்று எழுதியதும் இதைப் பார்த்துத்தான்.

பெரிய நிழலின் தலையில் கொண்டை. கொண்டையில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னது?"

"பேனா."

என் கை தானாகக் கொண்டைக்குப் போனது. காலையில் ப்ரூஃப் திருத்திவிட்டுச் செருகிய பேனா அங்கேயே இருந்தது.

"நாய் வரல அக்கா. நீ வந்த" என்றான். "அவ போனப்புறம் தினம் சாயங்காலம் நான் வாசப்படில போய் உட்காருவேன்ல. நீ ஆபீஸ் விட்டு வந்ததும் பக்கத்துல வந்து உட்கார்ந்துப்ப. ஒரு வார்த்தை பேச மாட்ட. போனையே பார்த்துட்டிருப்ப. வந்தவங்க எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னாங்க. நீ மட்டும்தான் சும்மா உட்கார்ந்திருந்த. இருட்டுற வரைக்கும்."

"டீ போடறேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 21

எங்கள் வீட்டில் அந்தப் படியில்தான் சிக்னல் கிடைக்கும். அவனிடம் சொல்லவில்லை.

மே 6

மறுபதிப்பு வந்துவிட்டது. விமர்சகர்களுக்குப் பிரதி அனுப்பினேன். குறிப்பு வைக்கவில்லை.

மே 15

ஞாயிறு பெரியவர் தொலைபேசியில்: "குறிப்பு உறைல இல்லையேம்மா. தவறிடுச்சு போல."

"தவறலைங்க ஐயா. இந்தத் தடவை அனுப்பல."

"அப்ப நான் எதைப் பார்த்து எழுதறது?"

"புத்தகத்தைப் பார்த்து."

அந்தப் பக்கம் உறையை உதறிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "அதுக்கெல்லாம் நேரம் ஆகுமேம்மா" என்றார் கடைசியில். தொண்ணூற்றுச் சொச்சம் வார்த்தை! அவர் பல் துலக்குகிற நேரத்தில் படித்துவிடலாம்.

பேராசிரியரின் உதவியாளர் கேட்டார். கொஞ்சல் அம்மா, "அக்கா, அழணுமா சிரிக்கணுமான்னு மட்டும் சொல்லிடுங்களேன்" என்று செய்தி அனுப்பினாள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

மே 28

ஒருவரும் எழுதவில்லை. முதலாளி நேராகவே கேட்டார்: "ஒரு குறிப்பு எழுதறதுல உனக்கு என்னம்மா கஷ்டம்?"

"நான் எழுதின ரெண்டும் தப்பு சார்."

"ரெண்டும் நல்லா ஓடுச்சேம்மா!"

கழுதைக்குக் கற்பூரத்தைக் காட்டலாம், இவர் கற்பூரத்தையே விற்றுவிட்டு விலையைச் சொல்வார். இனி எந்தப் புத்தகத்துக்கும் குறிப்பு எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லும்போது நன்றாக இருந்தது. பேருந்தில் உட்கார்ந்த பிறகு மாதச் செலவை விரல்விட்டு எண்ணினேன்.

ஜூன் 2

என்னை வண்ணம் தீட்டும் புத்தகங்களுக்கு மாற்றிவிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. ஒட்டகத்தின் வெளிக்கோடு, படகின் வெளிக்கோடு, பழக்கூடையின் வெளிக்கோடு. இதற்கு விமர்சனமும் கிடையாது, குறிப்பும் கிடையாது. என் பழைய நாற்காலியில் கணினிக்காரரின் மைத்துனி. முதல் நாளே மூன்று குறிப்பு எழுதிவிட்டாளாம், புத்தகம் இன்னும் வரைந்தே முடியவில்லையாம். கெட்டிக்காரி. என்னைவிட ஒருபடி மேலே.

தம்பி கேட்டான், "என்னாலதானே?"

"உன்னால இல்ல. ஒட்டகத்துக்கு என்னை விட்டா யாரு இருக்கா?" என்றேன்.

ஜூன் 20

தம்பி அடுத்த புத்தகம் ஆரம்பித்திருக்கிறான். யார் போடுவார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றான். ஆனாலும் வரைகிறான்.

ஜூலை 13

மறுபதிப்புக்கு ஒரே ஒரு விமர்சனம் வந்திருக்கிறது. பல் மருத்துவர்கள் சங்கத்தின் மாத மடலில்! யாரோ ஒரு பல் மருத்துவர், தன் காத்திருப்பு அறைக்கு வாங்கிப் போடும் படப் புத்தகங்களைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறாராம். அலுவலகத்தில் குப்பையில் போட எடுத்து வைத்திருந்தார்கள். நான் வாங்கி வந்தேன்.

திட்டித்தான் எழுதியிருக்கிறார். 'காத்திருப்பு அறைக்கு இந்நூல் சரிப்படாது. பிள்ளைகள் ஏற்கனவே அழுதுகொண்டுதான் வருகிறார்கள். நாயின் கழுத்துப் பட்டை நான்காம் பக்கத்தில் சிவப்பு, பதினோராம் பக்கத்தில் பச்சை. கடைசிப் படத்தில் சிறுமியின் அருகில் ஒரு பெரியவர் வந்து அமர்ந்திருப்பது நல்ல யோசனை. ஆனால் அவருடைய நிழலில் தலைக்குப் பின்னால் குச்சி போல் ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓவியர் இதுபோன்ற கவனக்குறைவுகளைத் தவிர்க்க வேண்டும்.'

சாயங்காலம் படியில் உட்கார்ந்து தம்பிக்குப் படித்துக் காட்டினேன். கழுத்துப் பட்டையைக் கேட்டதும் முகம் சுண்டிவிட்டது. உள்ளே ஓடிப் போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து நான்கையும் பதினொன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "ஐயையோ, பச்சைதான்! ரெண்டு வருஷம் பார்த்தேனே, எப்படி விட்டேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "குச்சியாம்டா!" என்றேன். "குச்சி!"

"சும்மா இரு அக்கா. அந்தாளு கரெக்டாதான் சொல்றாரு" என்றான் கோபமாக.

அந்த மருத்துவருக்கு நன்றி சொல்லி நாலு வரி அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. போனைத் தேடினேன். உள்ளே மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நாளைக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.